மெலிந்த உடலும் நிறைந்த மனமும்

பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், உடல் இளைத்த ஒருவரைக் கண்டவுடன் எழும் கேள்வி ஒன்றே ஒன்று. "என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள்? சர்க்கரையா?" என்பதே அது. பொங்கல் விழாப் பந்தியிலும், சங்கத்துப் பொதுக் கூட்டத்திலும், ஊரிலிருந்து வரும் உறவினரை எதிர்நோக்கி நிற்கும் ரயில் நிலைய மேடையிலும் இக்கேள்வியைச் செவிமடுக்காமல் திரும்பியவர் இலர். கேட்பவர் உள்ளத்தில் தீங்கு ஏதும் இல்லை, அன்பே உண்டு. கேள்வியும் முற்றிலும் பொருளற்றது அன்று. ஒரு முயற்சியும் இன்றித் தானாகவே எடை குறைந்து வருமாயின் நீரிழிவோ, தைராய்டுக் கோளாறோ, காசநோயோ உள்ளே இருத்தல் கூடும். உடனே மருத்துவரிடம் செல்வதே முறை. ஆனால், வாயைக் கட்டி, நாள்தோறும் நடந்து, ஓராண்டு முயன்று எடையைக் குறைத்த ஒருவர் இக்கேள்விக்கு என்ன விடை பகர்வார்? "இல்லை, நானே குறைத்தேன்" என்றால், "எதற்கு? முன்பு பார்க்க நன்றாக இருந்தீர்களே!" என்று அடுத்த கணை பாயும்.

எடையைக் குறைக்கும் வழிகளைப் பற்றி இன்று எழுதாத ஏடில்லை, பேசாத வாயில்லை. குறைத்த பின்னர் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுவார் அருகியிருக்கின்றனர். உண்மையில் தொல்லையெல்லாம் அதன் பின்னரே தொடங்குகின்றது. அதனைப் பற்றிச் சில சொற்கள் எழுத விழைகின்றேன்.

நான் மருத்துவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து, இப்போது கரக்பூரில் நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிப்பவன். எங்கள் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. லண்டன் நகரத்துப் பஸ்களில் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்க்கு, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநரைவிட மாரடைப்பு மிகுதி என்று ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953-இல் காட்டினார். 1956-இல் அவரே ஒரு வேடிக்கையான வேலை செய்தார்: அவ்விரு சாராருக்கும் தைக்கப்பட்ட சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளை எடுத்து ஒப்பிட்டார். ஓட்டுநரின் கால்சட்டைகளே அகன்றிருந்தன. பின்னர் 1962-இல் அமெரிக்க ரயில்வே ஊழியரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இருப்புப்பாதையில் உடலுழைப்புச் செய்வோரைவிட மேசை எழுத்தர்களே இதயநோயால் மிகுதியாக மாண்டனர் என்று அது கூறிற்று. எழுத்தன் என்ற முறையில் அதனைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றே மீதியைப் படித்தேன்.

என் கணக்கையும் கூறிவிடுகின்றேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் 92 கிலோ இருந்தேன். என் தந்தைக்கு நீரிழிவு. அதனால் கண்ணொளி மங்கினார். அவ்வச்சமே என்னைத் தூண்டிற்று. பதினான்கு மாதங்களில் 76 கிலோவுக்கு வந்தேன். இன்று 78-க்கும் 79-க்கும் இடையே நிற்கின்றேன். இந்தியருக்கு வகுத்த அளவின்படி என் உயரத்துக்கு 69 கிலோவுக்குள் இருத்தல் வேண்டும். அந்த எண்ணை நான் இதுவரை கண்டதில்லை. இனியும் காண்பேன் என்ற எண்ணமும் இல்லை. அதுபற்றி வருத்தமும் இல்லை. வருத்தம் ஏன் இல்லை என்பதற்குச் சில உண்மைகளை அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு ஏறக்குறைய அரை வயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. குறைந்தது எடை மட்டுமன்று. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தனர். உணவைப் பற்றியே கனாக் கண்டனர். சமையற் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் படித்தனர். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றபோது, வயிறு நிரம்பியும் பசி அடங்கவில்லை என்றனர் சிலர். இழந்த கொழுப்பைவிட மிகுதியான கொழுப்பை உடல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் நம்மைப்போல் பருத்திருந்தவர் அல்லர். எனினும் பஞ்சத்தைக் கண்ட உடல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு அச்சோதனை இன்றும் சான்றாக நிற்கின்றது.

பருத்தவர் இளைத்தாலும் உடல் அதனைப் பஞ்சம் என்றே கொள்கின்றது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவில் வைத்து இளைக்கச் செய்து, அவர்தம் குருதியில் பசியைத் தூண்டும் சுரப்புகளையும் அடக்கும் சுரப்புகளையும் அளந்து, அதன் முடிவை 2011-இல் வெளியிட்டனர். ஓராண்டு கழிந்த பின்னரும் அச்சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி மிகுந்தே இருந்தது. மேலும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவருள் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தனர். வியப்பு யாதெனின், அவர்தம் எடைக்கும் வயதுக்கும் சும்மா இருக்கும்போது உடல் செலவிட வேண்டிய எரிபொருளைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே அவர்தம் உடல் செலவிட்டு வந்தது. அதாவது, ஆறாண்டுக்குப் பின்னும் உடல் சிக்கனம் பிடித்துக்கொண்டேயிருந்தது.

ஆகவே, இளைத்தவர் மீண்டும் சிறிது பருப்பாராயின் அது மனவுறுதியின்மையால் மட்டும் நேர்வதன்று. ஒரு பக்கம் பசி மிகுகின்றது. மறுபக்கம் செலவு குறைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று நாள்தோறும் போராடுபவரைப் பார்த்து, "நாக்கை அடக்கத் தெரியவில்லை" என்று நகைத்தல் அறியாமை.

அவ்வாறு நகைக்கப்பட்ட நண்பர் ஒருவரை நான் அறிவேன். என்னினும் மூத்தவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், அண்ணாச்சி என்றே அழைப்போம். எட்டு மாதங்களில் 21 கிலோ குறைத்தார். அவ்வாண்டுப் பொங்கல் விழாவில் எல்லாரும் அவரையே சூழ்ந்து நின்று வழி கேட்டனர். அதற்கடுத்த ஈராண்டுகளில் 13 கிலோ திரும்பி வந்தது. முன்பு புகழ்ந்த அதே வாய்கள், "பழையபடி ஆகிவிட்டீரே" என்றன. அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார். பின்னர் மாலை நடையை நிறுத்தினார். பின்னர் மருத்துவமனைக்குச் சென்று குருதி பரிசோதிப்பதையும் நிறுத்தினார்; எடை மேடையில் ஏறச் சொல்வார்கள் என்ற கூச்சம்! குவார்ட்டர்ஸுக்குத் தேடிச் சென்ற என்னைப் பார்த்து, "தம்பி, தோற்றுப்போனவனைப் பார்க்க வந்தீரோ?" என்றார்.

இங்கேதான் ஆபத்து இருக்கின்றது. திரும்பி வந்த கிலோக்களைவிட, கைவிட்ட நடையும் கைவிட்ட பரிசோதனையுமே அவருக்கு மிகுந்த கேடு செய்யவல்லன. அன்று அவரிடம் நான் கூறியவற்றுள் இரண்டு செய்திகளை இங்கே எழுதுகின்றேன்.

அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு ஒரு பெரும் ஆராய்ச்சி நடந்தது. எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் என்று ஒரு பிரிவினர்க்கு வகுத்தனர். அவர்களிடையே நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்ததென 2002-இல் அறிவித்தனர். பத்தாண்டு கழித்து 2009-இல் மீண்டும் பார்த்தபோது, இழந்த எடையில் பெரும்பகுதி அவர்களுக்குத் திரும்பியிருந்தது. ஆயினும், மொத்தக் கணக்கில் நீரிழிவு மற்றவர்களைவிட 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது. எடை திரும்பிற்று, பயன் முழுதும் போய்விடவில்லை.

மற்றது நம் சென்னையிலேயே நடந்தது. டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளுமாறு அறிவுரை பெற்ற பிரிவில் மூன்றாண்டுக்குள் நீரிழிவு எய்தியவர் நூற்றுக்கு 39 பேர். அவ்வாறு பெறாத பிரிவில் 55 பேர். இதில் குறிக்கத்தக்கது யாதெனின், அறிவுரை பெற்றவர்களுடைய எடை குறிப்பிடும்படியாக இறங்கவே இல்லை. எடைக் கருவி ஒன்றும் சொல்லாமல் இருந்தபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது.

இச்செய்திகளைக் கேட்ட அண்ணாச்சி உடனே துள்ளி எழுந்துவிடவில்லை. "யோசிக்கிறேன்" என்றார். ஒரு மாதம் கழித்தே மீண்டும் நடக்கத் தொடங்கினார்.

ஊசி மருந்துகளைப் பற்றிச் சிலர் வினவுகின்றனர். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் புதிய ஊசிகள் 2025-இல் இந்தியாவிலும் எடைக் குறைப்புக்கென விற்பனைக்கு வந்தன. நல்ல பயன் தருவன. மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் செமாக்ளூடைட் என்னும் அம்மருந்தை நிறுத்தியவர்க்கு ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதென 2022-இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஊசியானாலும் உபவாசமானாலும் பின்வரும் காலத்துக்கு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு எத்தகையது? 1994-இல் அமெரிக்காவில் ரேனா விங், ஜேம்ஸ் ஹில் என்னும் இருவர் ஒரு பதிவேட்டைத் தொடங்கினர். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதனைக் காத்தவர் மட்டுமே அதில் பதியலாம். பல்லாயிரவர் பதிந்துள்ளனர். இளைத்த வழி அவர்களுக்குள் வெவ்வேறு. காத்த வழியில் ஒற்றுமை காணப்பட்டது. பெரும்பாலோர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை இயக்கினர். அதிலும் நடையே மிகுதி. காலை உணவைத் தவிர்க்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையேனும் எடை பார்த்தனர். தொலைக்காட்சி முன் குறைவாக அமர்ந்தனர். ஈராண்டு காத்துவிட்டால் அதன்பின் காப்பது எளிதாகின்றது என்பதும் அப்பதிவேட்டால் தெரியவந்தது. புதிதாய் இளைத்தவர்கள் இதனை நினைவிற் கொள்க.

நடப்பதற்கு இடமில்லை என்று எங்கள் ஊரில் எவரும் கூற இயலாது. கரக்பூர் நிலையத்து மேடை 1,072 மீட்டர் நீளமுடையது. நெடுங்காலம் உலகிலேயே நீண்டதென்று பெயர் பெற்றிருந்தது. 2023 முதல் அப்பெருமை 1,507 மீட்டர் நீளமுள்ள ஹூப்ளி மேடைக்கு உரியது. பெருமை போனாலும் நீளம் குறையவில்லை! ஒருமுறை போய்வந்தால் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அரைமணியில் முடியும். வேலை நேரத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. இதுவே என் தேகப்பயிற்சி. இரவுப் பணி உள்ள வாரங்களில் இது இயலாது. அவ்வாரங்களில் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையாகப் பிரித்துக்கொள்கின்றேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகின்றதாதலால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்டால், உட்கார்ந்தெழுதல் முதலிய பயிற்சிகளும் நன்று.

எடை பார்ப்பதிலும் ஓர் எல்லை வேண்டும். முன்னாளில் நம் ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழலும் எடை இயந்திரம் ஒன்று நிற்கும். காசு போட்டால் அட்டைச் சீட்டு விழும். அதன் ஒருபுறம் எடை, மறுபுறம் அதிர்ஷ்ட வாசகம்! எடையையும் விதியையும் ஒரே சீட்டில் அச்சிட்ட அந்த வழக்கம் நம்மில் பலர் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. காலையில் கருவி அரைக்கிலோ ஏற்றிக் காட்டினால் அன்று முழுதும் வீட்டில் எவரோடும் பேசாதவர் உளர். முந்திய நாள் உப்பும் நீரும் கூடினாலே அரைக்கிலோ ஏறும். நான் ஞாயிறு காலை மட்டும் பார்த்துக் குறித்து வைக்கின்றேன். மூன்று கிலோ ஏறினால்தான் உணவைத் திருத்துவது என்று வைத்திருக்கின்றேன்.

இனி அடுக்களைக்கு வருவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவு கொள்பவர்க்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம் என்று கூறப்பட்டுள்ளது. நம் வீட்டு வழக்கமோ நேர்மாறு: சோறு மலைபோல், பொரியல் ஓரத்தில் இலைக்குப் பொட்டு வைத்தாற்போல். உருளைக்கிழங்கு அந்த 400 கிராமில் சேராது என்பதையும் வங்காளத்தில் வாழும் நாம் மறக்கலாகாது. இங்கே அது நுழையாத பண்டம் இல்லை. எங்கள் இல்லத்தில் செய்த மாற்றம் ஒன்றே: முதலில் காயும் பருப்பும் தட்டில் இட்டு, பின்னர் சோறு இடுவது. மாலையில் சமோசாவுக்குப் பதில் இந்த மேதினிப்பூர்ப் பக்கத்து மக்கள் விரும்பியுண்ணும் பொரியோடு கொண்டைக்கடலையும் வெள்ளரியும் கலந்து உண்கின்றோம். இட்லி, தோசையை விட்டதில்லை, விடவும் வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வரும் பொட்டலங்களே பெருஞ் சோதனை. சென்னை மெயிலில் எவரேனும் வந்தால் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கும், அதிரசமும், அல்வாவும் கூடவே வரும். அது தின்பண்டம் அன்று, தாயின் கை. அதனை மறுப்பது எவ்வாறு? மறுக்க வேண்டியதே இல்லை. வந்த அன்றே வீட்டார் யாவரும் அமர்ந்து சுவைத்து உண்டு, எஞ்சியதை வங்காளி, தெலுங்கு, ஒரியா அண்டை வீடுகளுக்குப் பகிர்ந்தளித்து விடுகின்றோம். டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்தால்தான் நள்ளிரவில் அது நம்மை அழைக்கும்.

தாய்மார்க்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் மிச்சம் வைத்ததை, வீணாகக் கூடாதென்று, நின்றபடியே வாயில் இட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்னத்தை மதிக்கும் நல்லெண்ணந்தான். ஆயினும் மீந்ததைக் கொட்டும் தொட்டியாகத் தம் உடலைப் பெண்மக்கள் கருதுதல் தகாது. முதலில் குறைவாகப் பரிமாறி, வேண்டுமாயின் மறுமுறை இடலாம். எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணுதல் இன்னும் நலம்.

உடல் இளைத்தால் மனம் தானே மகிழும் என்று நினைக்கின்றோம். அது அவ்வளவு எளிதன்று. நிறைய இளைத்தவர்க்கு வயிற்றிலும் கையிலும் தோல் தொய்ந்து தொங்கும். வயதுக்கேற்பச் சிறிது சுருங்கும், முழுதும் சுருங்காது. விரைந்து இளைத்தவர்க்குச் சில மாதங்களில் முடி உதிர்வதுண்டு. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். முகம் வற்றி, வயது கூடியதுபோல் தோன்றும். கண்ணாடி முன் நின்று, "இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன்?" என்று ஏங்குவோர் பலர். இதற்காக அன்று. மாடிப்படி ஏறுகையில் மூச்சு இரைக்காமைக்காக. தந்தைக்குக் கண் போனதுபோல் போகாமைக்காக.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் அம்மா, "ஏன்டா ராசா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே!" என்று சொல்லிவிட்டு, என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அப்பார்வையின் பொருளை விளக்கத் தேவையில்லை. பஞ்சகாலத்தையும் ரேஷன் வரிசையையும் கண்ட தலைமுறை அது. பிள்ளையின் சதைப்பற்றிலேதான் அவர்கள் தம் பேணலை அளந்தனர். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. என் குருதிச் சர்க்கரைச் சீட்டையும் தந்தையின் பழைய சீட்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அதன்பின் அவரே எனக்கு அரைக் கரண்டி சோறு குறைத்துப் பரிமாறினார். நெய்யை மட்டும் விடவில்லை.

நம் பெண்குழந்தைகள் திறத்தில் இன்னும் கவனம் வேண்டும். மணப் பேச்சு நடக்கும்போது "சற்றுப் பூசினாற்போல்" என்றும் "கொஞ்சம் குறைத்தால் நல்லது" என்றும் அவர்கள் முன்னிலையிலேயே பேசுகின்றோம். அச்சொல் உடலில் தங்காமல் மனத்தில் தங்குகின்றது. உணவைக் கண்டாலே அஞ்சும் நிலைக்குச் சில பெண்கள் சென்றுவிடுகின்றனர். அது பருமனைவிடக் கொடிய நோய். மருத்துவரின் துணையை நாடவேண்டிய நோய்.

தோற்றத்தைக் கொண்டு நலத்தை அளப்பது எவ்வளவு பிழை என்பதற்கு ஒரு புகைப்படம் உண்டு. 2004-இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வந்தது. புனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கின்றனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவரும் ஒல்லியர். ஆனால் உள்ளே அளந்தபோது யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! நம்மவர் ஒல்லியாய் இருந்தாலும் வயிற்றினுள் கொழுப்பு ஒளிந்திருக்கும். அதனாற்றான் இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் மிகாதிருத்தல் வேண்டும் என்று இந்தியருக்கு வகுத்துள்ளனர். என்னுடையது 104-இலிருந்து 92-க்கு வந்துள்ளது. இன்னும் இரண்டு மிச்சம். எங்கள் மருத்துவர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு, "இப்படியே இருங்கள்" என்றார்.

அண்ணாச்சி இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்தார். எடை மூன்று கிலோ மட்டுமே இறங்கியிருக்கின்றது. சர்க்கரை கட்டுக்குள் உளது. பந்தியில் சாம்பார் வாளியை அவரே தூக்கிப் பரிமாறினார். வழக்கம்போல் ஒருவர் அவர் வயிற்றைப் பற்றி ஏதோ கூற, அவர் "ஆமாம், அப்பளம் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். மறுவாரம் புதுக் கால்சட்டைக்கு அளவு கொடுக்கத் தையற்காரரிடம் சென்றபோது நானும் உடன் சென்றேன். இளைத்திருந்த நாளில் தைத்த கால்சட்டைகள் இரண்டினை அங்கிருந்த பையனுக்குக் கொடுத்துவிட்டு, இன்றைய இடுப்புக்கே அளவெடுக்கச் சொன்னார். உள்ளே மட்டும், பிரித்துத் தைப்பதற்கும் பிடித்துத் தைப்பதற்கும் வசதியாக, இரண்டு விரற்கடை துணி விட்டு வைக்குமாறு கேட்டுக்கொண்டார்.